பதினோரு நாட்டுக் கால்

கிறிஸ்டினாவின் கால் எந்த நாட்டு ஷூவுக்கும் பொருந்தும் என்பது ஆம்பூரில் 2017ஆம் வருடம் ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி டீ வருவதற்குச் சற்று முன்பு தெரியவந்தது. அன்றைக்குத் தக்காளி கிலோ எண்பது ரூபாய். பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூம் மாஸ்டரான நிசார் அஹமது, ஜெர்மனிக்குப் போகவேண்டிய ஒரு ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் போட்டுப் பார்க்க ஒரு ஜெர்மன் கால் கிடைக்காமல் நின்றிருந்தார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஜெர்மன்காரர்களின் கால் முன்பக்கம் அகலம், இத்தாலிக்காரர்களுடையது ஒடுங்கி நீளும், ஜப்பானில் நீளம் கம்மி, புறங்கால் உயரம் ஜாஸ்தி. அதனால் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக லாஸ்ட் என்கிற கால் அச்சு உண்டு. அந்தக் கம்பெனியின் சாம்பிள் ரூம் சுவரில் அப்படி அறுநூற்றுச் சொச்சம் பிளாஸ்டிக் கால்கள், நாட்டின் பெயர் பொறித்து, தட்டுத் தட்டாக நிற்கின்றன. அச்சில் ஏற்றித் தைத்த ஷூவை அந்த நாட்டுக் கால் ஒன்று போட்டுப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் ஆர்டர் நகரும். கூரியரில் அனுப்பிவிட்டு இருபது நாள் காத்திருந்தால், குதிகால் லூசு என்று ஒரு மெயில் வரும். மறுபடி தைக்கவேண்டும், மறுபடி இருபது நாள். அன்று பொறுமை இழந்த நிசார் அஹமது, மூலையில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பத்தொன்பது வயது ஹெல்பர் கிறிஸ்டினாவைக் கூப்பிட்டு, சும்மா ஒருதரம் போட்டுக் காட்டு என்றார்.

போட்டாள். நிசார் அஹமது கட்டைவிரலால் முன்பக்கத்தை அழுத்தினார், குதிகாலில் விரலை விட்டுப் பார்த்தார், எங்கேயும் குறையில்லை. முப்பத்தொரு வருட சர்வீஸில் அப்படி ஒரு பொருத்தத்தை அவர் பார்த்ததில்லை. இத்தாலி ஜோடியை எடுத்தார், பொருந்தியது. ஜப்பான் ஜோடியை எடுத்தார், அதுவும் பொருந்தியது. டேப்பை வைத்து அளந்து பார்த்ததில், இத்தாலி ஷூவுக்குள் இருந்த கால் ஜப்பான் ஷூவுக்குள் இருந்ததைவிட ஒன்பது மில்லிமீட்டர் நீளமாக இருந்தது. கால் என்னவோ ஒன்றுதான், அதே வலது கால். டேப்பை மேசைமேல் வைத்துவிட்டு, வந்திருந்த டீயைக் குடித்தார். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, பஸ்ஸில் மூணு பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கு நகர்ந்து உட்கார்வதுபோலத்தான் இருக்கிறது என்றாள் அவள். மதியத்துக்குமேல் ஆண்களுக்கான நாற்பத்திரண்டாம் நம்பர் பூட்ஸும் பொருந்தியது, நாலு வயதுப் பிள்ளைகளின் ஸ்கூல் ஷூவும் பொருந்தியது. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அவர் ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மற்றதையும் நம்பமாட்டார்கள் என்று அவருக்குப் பட்டது.

ஊர் இதை ரொம்பவும் பெரிதுபடுத்தவில்லை. அந்தக் குடும்பத்தில் இதற்கு முன்பே ஒன்று நடந்திருந்தது. கிறிஸ்டினாவின் அப்பா லின் தைவான்காரர். ஷூவின் முனையை அச்சின்மேல் இழுத்து ஒட்டும் மெஷின் ஒன்றைப் பொருத்திக் கொடுக்க 1996இல் மூன்று மாத விசாவில் வந்தார். வேலையை முடித்துக் கிளம்பி அவர் காட்பாடி ஸ்டேஷனை எட்டியதும் மெஷின் நின்றுவிட்டது. கூப்பிட்டு வந்து, அவர் சட்டையை மாற்றுவதற்குள் தானாக ஓடியது. மூன்று தடவை இப்படி ஆனபிறகு, நாலாவது தடவை அவர் பெட்டியைக் கட்டவேயில்லை. இரண்டாவது லைனில் தையல் மெஷினில் இருந்த சவுரியம்மாளுக்கு இந்தக் கதையில் முழு நம்பிக்கை கிடையாது. மனுஷன் என்னைப் பார்க்கத்தான் திரும்பித் திரும்பி வந்தான் என்பது அவள் கட்சி. எப்படியோ மறுவருடம் சர்ச்சில் கல்யாணம் நடந்தது, அதற்கடுத்த வருடம் கிறிஸ்டினா பிறந்தாள். ஊர் அவரைச் சைனா மாஸ்டர் என்றது. சைனா இல்லை, தைவான் என்று இரண்டு வருடம் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது வருடம் தமிழ் கைவந்ததும் வழியை மாற்றிக்கொண்டார். சைனா என்று கூப்பிடுகிறவரிடம், உங்கள் வாணியம்பாடிப் பிரியாணிக்கு ஈடே கிடையாது என்பார். கூப்பிட்டவர் பதறிப்போய், நான் ஆம்பூர், வாணியம்பாடி வேறு ஊர், அந்தப் பிரியாணியே வேறு என்று கோபித்துக்கொள்வார். "அதேதான் நானும் சொல்றேன்" என்பார் லின். ஆம்பூரில் பாதிப் பேருக்குத் தைவான் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது இப்படித்தான்.

மகளுக்கு அந்த வசதியும் இல்லை. அவளுக்கு முகம் அப்பா, நிறம் அம்மா, வாய் அப்படியே ஆம்பூர். பள்ளிக்கூடத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். மனு போன ஆபீஸில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று மூன்று பேர் கூடி யோசித்துவிட்டுக் காலியாகவே விட்டார்கள். மார்கழியில் வேலூருக்குப் போனால், ஸ்வெட்டர் விற்க வந்த திபெத்துப் பெண் என்று நினைத்து விலை கேட்டார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் மணிப்பூர், ஹோட்டல் பக்கம் போனால் நேபாளம். அமிர்தி அருவிக்குக் கம்பெனியோடு பிக்னிக் போனபோது குச்சி ஐஸ் விற்றவர் அவளிடம் மட்டும் இந்தியில் விலை சொன்னார். "இன்னாண்ணா, அவங்களுக்கெல்லாம் பத்து ரூபா, எனக்கு மட்டும் தஸ் ரூபாயா?" என்று அவள் கேட்டதும் அந்த மனிதர் காசே வாங்காமல் இன்னொரு ஐஸ் கொடுத்தார். கொரோனா வருடத்தில் அவளைப் பார்த்ததும் ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். அவள் பிறந்ததிலிருந்து தெரிந்த வீடு அது. அதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை, அப்பாவும் தனக்கு நடந்ததை அவளிடம் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தாய் என்று கேட்கிறவர் கேள்வியை முடிக்கும்வரை பொறுமையாக நிற்பாள், ஆம்பூர் என்பாள். அது சரி, ஒரிஜினலாக எங்கே என்பார்கள். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என்பாள். இதைவிடச் சரியான பதிலை அந்தக் கேள்விக்கு யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. யாராவது ஒருவர், அவள் முகத்தை இரண்டாந்தரம் பார்க்காமல், இவள் இந்த நாட்டுப் பெண் என்று ஒரு தாளில் எழுதித் தரவேண்டும். பக்கத்து ஜில்லாவில் புதிதாகக் கட்டிய ஷூ ஆலைக்கு வந்த தைவான்காரர்கள் நாலு பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை லின் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். அவர்கள் கிறிஸ்டினாவைப் பார்த்துவிட்டுத் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார்கள். உன் மகள் முழுக்க இந்தியாக்காரியாகவே இருக்கிறாள் என்கிறார்கள் என்று அப்பா தமிழில் சொன்னார். ஒருவர் வாயால் தன்னை அப்படிச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர்கள் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை என்பது பாத்திரம் கழுவும்போதுதான் புரிந்தது.

கம்பெனியிலும் அந்தத் தாள்தான் குறுக்கே நின்றது. எண்ணூறு பெண்கள் வேலை பார்க்கும் இடத்தில் அவள் மட்டும் காண்ட்ராக்ட் கணக்கில் இருந்தாள். நிரந்தரம் ஆக்குவதற்கான விண்ணப்பப் பாரத்தில் அப்பாவின் நாடு தைவான் என்று இருந்ததைப் பார்த்த எச்.ஆர். மேனேஜர் இன்பராஜ், பெண்ணின் நாடு என்ற கட்டத்தை அவராக நிரப்பப் பயந்துகொண்டு சென்னைத் தலைமை ஆபீஸுக்கு அனுப்பினார். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, ஓட்டு கூடப் போடுகிறாள் என்று சவுரியம்மாள் நேரில் வந்து சண்டை பிடித்தாள். அதெல்லாம் சரிம்மா, மேலிருந்து பதில் வரட்டும் என்றார் அவர். ஃபைல் போய் ஏழு வருடம் ஆகியும் பதில் வரவில்லை. இன்பராஜ் கெட்ட மனிதர் இல்லை. ஒரு கட்டத்தைக் கண்டால் அதற்குள் விழுந்துவிடுவோம் என்று பயப்படுகிற சுபாவம், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில்தான் நிசார் அஹமது அந்தத் தப்பைச் செய்தார். சாம்பிள் ரூமில் வேலை பார்த்தவரைத் தவிர வேறு யாருக்கும் அப்படி ஒரு தப்பு வராது. ஷூவைப் போட்டுப் பார்த்ததற்கு ஒரு பாரம் உண்டு. போட்டவர் பெயர், கையெழுத்து, அதற்குக் கீழே, கால் எந்த நாடு என்று ஒரு கட்டம். முதல் தடவை அந்தக் கட்டத்தின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் யோசித்தார். ஐந்து வேளை தொழுகிறவர், பொய் எழுதக் கூடாது. ஜெர்மன் ஷூவுக்குள் இருக்கிற நேரத்தில் அது ஜெர்மன் கால், அளந்தாகிவிட்டது, அதில் சந்தேகமில்லை. அதனால் ஜெர்மனி என்று எழுதினார். மறுநாள் அதே நியாயத்தில் இத்தாலி என்று எழுதினார். வியாழக்கிழமை ஜப்பான். கிறிஸ்டினா எல்லாவற்றிலும் தமிழில் ஒரே கையெழுத்தைப் போட்டாள். தலைமை ஆபீஸில் அந்தப் பாரங்களை ஏற்றிய கம்ப்யூட்டர், ஒரு ஆளுக்கு ஒரு நாடுதான் இருக்க முடியும் என்று நம்புகிற கம்ப்யூட்டர். அது புதிய நாட்டைப் பார்க்கும்போதெல்லாம் நிரந்தர ஆட்களின் பட்டியலில் புதிய ஆளைப் பதிவு செய்துகொண்டது. அப்படி நாலு வருடத்தில், கிறிஸ்டினா லின் என்ற பெயரில் பதினோரு வெளிநாட்டுப் பெண்கள் அந்தக் கம்பெனியில் நிரந்தர வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். ஒருவர்கூட ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை.

ஊரில் இது யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கு மட்டும் தலைமை ஆபீஸிலிருந்து வருகிற ஸ்வீட் பாக்ஸ்களில் பதினொன்று மிச்சம் ஆகும். நிரந்தர ஆட்களுக்கு மட்டும்தான் பாக்ஸ் என்பதால் கிறிஸ்டினாவுக்கு ஒன்றும் வராது. மிச்சமான பதினொன்றையும் கேன்டீனில் பிரித்து வைத்து, டீக்கு முதலில் வருகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு துண்டு என்று பரிமாறுகிற வேலையை ஒவ்வொரு வருடமும் அவளுக்குத்தான் கொடுத்தார்கள். ஜெர்மனிக்காரிக்கும் ஜப்பான்காரிக்கும் வந்த மைசூர்பாகை அவர்களுக்குச் சொந்தமான கையாலேயே பரிமாறினாள் என்று இப்போது சொல்லலாம்.

அந்த வருடங்களில் அவள் கால் செய்த வேலையைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. காலை எட்டரைக்கு, கால் வந்துவிட்டதா என்று ஆர்டர் பார்க்கிறவர்கள் போன் செய்வார்கள். குதிகாலில் ஒரு நூல் பருமன் இறுக்கம் இருந்தாலும் சொல்லிவிடுவாள், அது எந்தத் தையலால் வருகிறது என்பதையும் சொல்வாள். ஒருதரம் டென்மார்க் ஷூ ஒன்றைப் போட்டுவிட்டு, இது ஈரமான தெருவில் நடக்கப்போகிற கால், உள்ளங்காலில் பிடிப்பு போதாது என்றாள். அங்கே மழையா வெயிலா என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவள் பார்த்து அனுப்பிய ஜோடியில் ஒன்றுகூட ஏழு வருடத்தில் திரும்பி வரவில்லை. வாணியம்பாடிப் பக்கமிருந்தும் குடியாத்தம் பக்கமிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வந்து போகிற பெண்கள் அவளைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு பெருமை வந்துவிடும். எங்கள் கம்பெனியில் ஒரு கால் இருக்கிறது என்பார்கள். வெறும் காலை மட்டும் அவள் யாருக்கும் காட்டியதில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து சாக்ஸ்தான். முகம் கிளப்புகிற கேள்விகளே போதும், காலும் சேர்ந்து ஒன்றைக் கிளப்ப வேண்டாம் என்று அவளாக வைத்துக்கொண்ட வழக்கம் அது.

2024 ஆவணியில் ஆடிட் வந்தது. வெளிநாட்டில் ஷூவை வாங்கி விற்கிற பெரிய பையர் ஒருவர் அனுப்பிய ஆடிட்டரின் பெயர் பிரேம்நாத், பினாங்கில் பிறந்த தமிழர், மலேசியப் பாஸ்போர்ட். சாப்பிட்டீங்களா என்பதற்குப் பதிலாகப் பசியாறிட்டீங்களா என்று அவர் காலையில் கேட்டது தையல் லைனில் பெண்களுக்கு ஒரு வாரத்துக்குச் சிரிக்கப் போதுமானதாக இருந்தது. வலது கால் ஷூவை மெதுவாக வைத்து நடப்பார். சுண்டுவிரலில் முப்பது வருடமாகப் பிளாஸ்டர், எந்த ஷூவும் அவரைக் கடிக்காமல் விட்டதில்லை. இரண்டாம் நாள் அவர் நிரந்தர ஆட்களின் பட்டியலை எடுத்துத் தலையை எண்ணினார். பட்டியலில் இருந்த பதினோரு வெளிநாட்டுப் பெண்களைக் கம்பெனியில் எங்குமே காணோம். அவர்களுக்கு விசா இல்லை, தங்கும் இடம் இல்லை, பஸ்ஸில் ஏறிய பதிவு இல்லை. அவர்களை எங்கே அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். பதில் இல்லாவிட்டால் ஆர்டர் நிற்கும் என்றார். ஆர்டர் நின்றால் ஒரு முழு லைன், நானூறு பெண்கள், அடுத்த மாதத்திலிருந்து வீட்டில் இருக்கவேண்டும்.

அரை மணி நேரத்தில் உண்மை வெளியே வந்தது. பதினோரு பேரையும் ஒரே சாக்ஸுக்குள் கண்டுபிடித்தார்கள். ஆனால் உண்மையால் நிலைமை இன்னும் மோசமானது. ஒரு இந்தியப் பெண்ணின் கால் என்றால் அந்த ஏழு வருடப் பாரங்களும் பொய், பையர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பலாம். இன்பராஜ் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கடிதம் தயார் செய்தார். கிறிஸ்டினா லின் ஆகிய நான் இந்தியப் பிரஜை, வேறு நாட்டுக்காரி என்று நானும் சாம்பிள் ரூம் மாஸ்டரும் சேர்ந்து பொய்ப் பதிவு செய்தோம், கம்பெனிக்கு இதில் சம்பந்தம் இல்லை. கையெழுத்துப் போட்டால் அவளும் நிசார் அஹமதுவும் வெளியே போவார்கள், நானூறு பேர் பிழைப்பார்கள். நிசார் அஹமது முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் போட்டுவிடுகிறேன், எனக்கு வயதாகிவிட்டது, ஆனால் பொய் என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். அந்த வார்த்தைதான் முக்கியம் என்றார் இன்பராஜ்.

கிறிஸ்டினா கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். முதல் வரியில் அவள் ஆசைப்பட்டது இருந்தது. இந்தியப் பிரஜை என்று கம்பெனியின் லெட்டர் பேடில், தெளிவாக, முத்திரையோடு அடித்திருந்தது. இத்தனை நாள் யாரும் தராமல் வைத்திருந்ததை இன்று குற்றத்தை ஒப்புக்கொள்கிற தாளில் சேர்த்துத் தருகிறார்கள் என்று புரிந்ததும் அதை மேசைமேல் வைத்தாள். வெளியே லைன் ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அந்த நானூறு பேரில் பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும் அவளுக்கு. அழாமல்தான் பேசினாள்.

"இந்த ஒரு வார்த்தைக்குத்தான் சார் பொறந்ததுலேர்ந்து காத்துக்கினு இருந்தேன். நான் இந்தியாதான். ஆனா தப்பு பண்ணவங்க எழுதிக் குடுக்கற பேப்பர்ல அத எழுத மாட்டேன். மாஸ்டரும் பொய் எழுதல. சந்தேகம் இருந்தா என் கால அளந்து பாருங்க, ஷூ இல்லாம."

கையெழுத்துக்காக எதிரே உட்கார்ந்து காத்திருந்த பிரேம்நாத் அவளைப் பார்த்தார். பிறகு அந்தக் கடிதத்தை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார், அதை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. அளந்துவிடலாம் என்றார். சாம்பிள் ரூம் தரையில் வெள்ளைத் தாளை விரித்தார்கள். அவள் சாக்ஸைக் கழற்றினாள். அங்கிருந்த ஆறேழு பேரும் எதை எதிர்பார்த்தார்களோ தெரியாது, பார்த்தது ஒரு கால், கொஞ்சம் வெளுத்துப்போன சாதாரணக் கால். நிசார் அஹமது மண்டிபோட்டுப் பென்சிலால் சுற்றி வரைந்தார். அந்தப் படத்தையும் அளவுகளையும் வைத்துக்கொண்டு சுவரிலிருந்த அச்சுகளை ஒவ்வொன்றாக இறக்கி ஒப்பிட்டார்கள். இரண்டு நாள் ஆனது. ஜெர்மனி இல்லை, இத்தாலி இல்லை, ஜப்பான் இல்லை. கடைசித் தட்டில் இருக்கிற இந்தியா அச்சை இன்பராஜே கையில் எடுத்து, இது நிச்சயம் என்று கொண்டுவந்தார். அதுவும் இல்லை. தைவான் அச்சு ஒன்றைப் புதிய ஆலையிலிருந்து ஆள் அனுப்பி வாங்கி வந்தார்கள், அதுவும் பக்கத்தில் வரவில்லை. வெறுமனே இருக்கும்போது அந்தக் கால் எந்த நாட்டுடையதும் இல்லை என்று எழுத்தில் முடிவானது. கிறிஸ்டினா சாக்ஸைத் திரும்பப் போடாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். காலுக்குக் காற்று பட்டது நன்றாக இருந்தது என்று பிறகு சொன்னாள்.

அச்சு இல்லாவிட்டால் செய்யவேண்டியதுதான் என்று சொன்னவர் லின். மெஷினை நிறுத்திவிட்டு வந்து, மரக்கட்டையும் உளியும் வாங்கிக்கொண்டு சாம்பிள் ரூம் மூலையில் உட்கார்ந்தார். இருபத்தாறு வருடத்தில் மகளின் காலை அவர் அவ்வளவு நேரம் கையில் வைத்திருந்ததில்லை. இரண்டாவது விரல் பெருவிரலைவிட நீண்டிருப்பதைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டார். அது அவருடைய அம்மாவின் விரல், அந்த அம்மா செத்தபோது விசா சிக்கலில் அவரால் போக முடியாமல் போனது. மத்தியானச் சோற்றைக் கொண்டுவந்த சவுரியம்மாள், விரல் யாருடையதானால் என்ன, குதிகால் சந்தேகமில்லாமல் எங்கப்பன் காசிநாதன் குதிகால், தோல் மண்டியில் மூட்டை தூக்கித் தேய்ந்த குதிகால் என்றாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு காலை நடுவில் வைத்துக்கொண்டு மூன்று நாள் சண்டை பிடித்தார்கள். நரம்பு உன்னுது, குழி என்னுது என்று பங்கு பிரித்தார்கள். கிறிஸ்டினா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன்னைப் பற்றி இத்தனை பேர் இத்தனை வருடம் பேசியதில், கேட்கக் கேட்க அலுக்காத பேச்சு இது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அச்சு முடிந்தது. நிசார் அஹமது அதன்மேல் சாதாரணக் கறுப்புத் தோலில் ஒரு ஜோடி ஷூவை இழுத்து ஒட்டி, தன் கையாலேயே முடித்தார். கிறிஸ்டினா போட்டாள். முதல் தடவையாக அவள் கால் உள்ளே அசையவில்லை, யாருக்கும் நகர்ந்து இடம் விடவில்லை. சரியாக இருக்கிறது என்றாள். நியாயமாக விஷயம் அங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் பிரேம்நாத், ஏன் என்று அவருக்கே தெரியாமல், நான் ஒருதரம் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். அவருக்கு நாற்பத்து மூன்றாம் நம்பர் கால். போட்டார். பொருந்தியது. சாம்பிள் ரூமிலிருந்து கேட் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தார். நொண்டவில்லை. உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, சுண்டுவிரலில் இருந்த பிளாஸ்டரைப் பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"எங்க ஊர்ல எந்தப் பாரத்த எடுத்தாலும் இனம்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல இந்தியன்னு எழுதுவேன்" என்றார். "இங்க வந்தா ஏர்போர்ட்ல வெளிநாட்டுக்காரங்க வரிசைல நிக்கறேன். ரெண்டு எடத்துலயும் எனக்கு ஷூ கடிக்கும்."

பிறகு இன்பராஜ் போட்டார், பொருந்தியது. டீ கொண்டுவந்த ஜெயம்மாள் போட்டாள், வாழ்நாளில் ஷூ போட்டிராத கால், பொருந்தியது. சாயந்தர பஸ் கிளம்புவதற்குள் ஒரு லைன் முழுக்கப் பெண்கள் வரிசையில் நின்று போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். பித்தவெடிப்புக் காலும், சர்க்கரை நோய்க் காலும், சின்ன வயதில் போலியோ வந்து சூம்பிய காலும் அதில் இருந்தன. எல்லாவற்றுக்கும் பொருந்தியது. அந்த ஒரு ஜோடி அன்று எண்ணூறு கால்களில் ஏறி இறங்கியும் மடிப்பு விழவில்லை.

பிரேம்நாத் அங்கேயே உட்கார்ந்து அறிக்கையை எழுதினார். ஆள் ஒருவர், நாடுகள் பதினொன்று, பதிவுகள் அனைத்தும் உண்மை, பன்னிரண்டாவது அச்சு மட்டும் இதுவரை விடுபட்டிருந்தது. அதோடு கிறிஸ்டினாவின் நிரந்தர வேலைப் பாரத்தையும் கேட்டு வாங்கினார், ஆடிட்டருக்கு அதற்கு அதிகாரம் இருக்கிறதா என்று யாருக்கும் நிச்சயமில்லை. பெண்ணின் நாடு என்ற கட்டத்தில், சாம்பிள் ரூம் பாரங்களில் கடைசி வரியில் எப்போதும் எழுதுகிற சொல்லை, பினாங்கில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த அழகான கையெழுத்தில் எழுதினார்: பொருந்துகிறது. இன்பராஜ் அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காலியாக இல்லை என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது, முத்திரை வைத்தார்.

இருபது நாள் கழித்து, அறிக்கையைப் பார்த்தோம் என்று ஒரே வரியில் பையரிடமிருந்து மெயில் வந்தது. ஆர்டர் தொடர்ந்தது, லைன் நிற்கவில்லை. நிசார் அஹமது இன்னும் சாம்பிள் ரூமில்தான் இருக்கிறார். கம்பெனி அந்த அச்சில் தன் ஆட்கள் எல்லோருக்கும் ஷூ தைத்துக் கொடுத்தது, நம்பர் எதுவும் போடாமல், கையில் கிடைத்ததை எடுத்துக்கொள் என்று. பதினோரு வெளிநாட்டுப் பெண்களைப் பட்டியலிலிருந்து நீக்க அவர்களுடைய ராஜினாமாக் கடிதம் வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டதால், அவர்களும் அப்படியே வேலையில் இருக்கிறார்கள். அந்த வருடம் தீபாவளிக்குக் கிறிஸ்டினா லின் என்ற பெயரில் பன்னிரண்டு ஸ்வீட் பாக்ஸ் வந்தது. பதினொன்றை எப்போதும்போலக் கேன்டீனில் பிரித்துப் பரிமாறிவிட்டு, பன்னிரண்டாவதைக் கிறிஸ்டினா வீட்டுக்கு எடுத்துக்கொண்டாள். அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் அவள் பெயர் இருந்தது, துறை இருந்தது, நாடு இருந்தது.

அன்று சாயந்தரம் பஸ்ஸில் கூட்டம். மூணு பேர் சீட்டில் மூன்று பெண்கள், ஓரத்தில் இருந்தவள் அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். கிறிஸ்டினாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ எந்த ஊரும்மா, நேபாளமா என்று கேட்டாள். கிறிஸ்டினா இந்தத் தடவை ஆம்பூர் என்று சொல்லவில்லை, கையிலிருந்த பாக்ஸை நீட்டினாள். அந்தப் பெண் பாக்ஸில் ஒட்டியிருந்த சீட்டின்மேல் விரலை வைத்துப் பெயரைப் படித்தாள், துறையைப் படித்தாள், நாடு: பொருந்துகிறது என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதில் அவளுக்கு விசித்திரமாக எதுவும் படவில்லை.

"அப்ப சரி" என்று நகர்ந்து உட்கார்ந்தாள். மற்ற இரண்டு பேரும் நகர்ந்தார்கள். கிறிஸ்டினா நாலாவது ஆளாக உட்கார்ந்துகொண்டு பாக்ஸைப் பிரித்தாள்.